உஷார்! உங்கள் மெசேஜை சிகிச்சையாளர் எப்போது படிப்பார்?

ஆன்லைனில் மனநல சிகிச்சை எடுக்கிறீர்களா? எடுக்கப் போகிறீர்களா? ஒன்றை உடனே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதி அனுப்புவதை அந்தப் பக்கத்தில் இருப்பவர் எப்போது படிப்பார்?

பலர் இதைக் கேட்பதே இல்லை. வாட்ஸ்அப் பழக்கத்தில், அனுப்பியதும் யாரோ பார்த்துவிடுவார்கள் என்று நம்பிவிடுகிறோம். இணையவழி சிகிச்சை பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இதில் முன்னோடியான ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நோயாளி அந்த வாரத்துக்கான பாடத்தைப் படித்து, பயிற்சியைச் செய்து, தன் அனுபவத்தைப் பாதுகாப்பான தளத்தில் எழுதி வைக்கிறார். சிகிச்சையாளர் பிறகு படித்துப் பதில் எழுதுகிறார். ஒரு நோயாளிக்கு வாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஒதுக்குவது சாதாரணம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இந்த முறை நன்றாகவே பலன் தருகிறது; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் “இனி வாழப் பிடிக்கவில்லை” என்று ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி எழுதினால்? திங்கட்கிழமை காலைவரை அதை யாருமே திறக்காமல் இருக்கலாம். பதில் வராத அந்த இரண்டு நாளை, ‘என்னை யாரும் பொருட்படுத்தவில்லை’ என்றுதான் அந்த மனம் எடுத்துக்கொள்ளும். என்னைப் பயமுறுத்துவது இதுதான். சேரும்போதே கேளுங்கள்: எத்தனை மணி நேரத்தில் பதில் வரும்? விடுமுறை நாளில் யார் பார்ப்பார்கள்? அவசரம் என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? நேரடியான பதில் இல்லையா, அங்கே சேராதீர்கள்.

வருகிற பதிலையும் கவனியுங்கள். தீராத கவலை நோய்க்கு இணையவழி சிகிச்சை பெற்ற 44 பேருக்கு மூன்று சிகிச்சையாளர்கள் எழுதிய 490 மின்னஞ்சல்களை ஸ்வீடன் ஆய்வாளர்கள் அலசி, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். செய்து முடித்த பயிற்சியைக் குறிப்பிட்டுப் பாராட்டி எழுதிய கடிதங்கள் முன்னேற்றத்தோடு சேர்ந்து காணப்பட்டன. ‘முடிந்தபோது செய்யுங்கள்’ என்று கெடுவைத் தளர்த்திக்கொண்டே போன இடங்களில் முன்னேற்றம் குறைவு. சிறிய ஆய்வுதான், தளர்த்தியதால்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வாரக்கணக்கில் “பரவாயில்லை, மெதுவாகச் செய்யுங்கள்” என்று மட்டுமே பதில் வந்தால், நீங்கள் எழுதியதை அவர் படிக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். காசு கொடுக்கிறீர்கள்; உடம்பும் மனசும் உங்களுடையவை. கேட்க உரிமை இருக்கிறது.

அடுத்த ஆபத்து, எழுதியது எங்கே போகிறது என்பது. பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மனநலக் கேள்விகளுக்கு அவர்கள் தந்த தகவல்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக, 2023-இல் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி சிகிச்சை நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. நிறுவனம் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்தது.

ஃபின்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து, சுமார் 33,000 பேரிடம் சிகிச்சையாளர்கள் கேட்டு எழுதிவைத்த குறிப்புகள் திருடுபோயின. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் வந்தது: 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் நீ சொன்னதை ஊருக்கே காட்டுவேன். பலருடைய குறிப்புகள் இணையத்தில் கொட்டப்பட்டன. இதற்காக 2024-இல் ஒருவருக்கு ஆறு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே போன ரகசியத்தை எந்தத் தீர்ப்பால் திரும்ப அள்ள முடியும்?

நம் ஊரிலும் ஆப்கள் பெருகிவிட்டன. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சிகிச்சையாளரின் முழுப் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதில் எழுதுவது மனிதரா, இயந்திரமா என்றும் கேளுங்கள். ஆபீஸ் கணினியிலோ, வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனிலோ மனசைத் திறந்து எழுதாதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். 14416-ஐ அழையுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.