வகுப்பறை ஒழுங்கும் மாணவரிடையே கொடுமையும்

மாணவர் சகமாணவரைத் துன்புறுத்துவதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவோர் பலர். நார்வே நாட்டில் பணியாற்றிய பேராசிரியர் டான் ஓல்வேயஸ் இதனை மூன்று அடையாளங்களால் வரையறுத்தார்: தீங்கு செய்யும் நோக்கம், அது மீண்டும் மீண்டும் நிகழ்தல், இருதரத்தாரின் வலிமை சமமாக இல்லாமை. ஆகவே, "நீயே சமாளித்துக்கொள்" என்று எளியவனிடம் கூறுவது அவனைக் கைவிடுவதேயாகும்.

இங்குதான் ஆசிரியர் வகுப்பை நடத்தும் முறை முக்கியத்துவம் பெறுகிறது. எங்கு என்ன நிகழ்கிறதென்பதை ஆசிரியர் அறிந்திருக்கிறார் என மாணவர் உணரும் வகுப்பில் ஒழுங்கீனம் குறைவாயிருந்ததை, அமெரிக்க உளவியலறிஞர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். கண்டும் காணாதிருக்கும் ஆசிரியரின் மௌனத்தை வலியவன் அனுமதியாகக் கொள்கிறான். மறுபுறம், பிரம்பாலும் ஏளனத்தாலும் ஆளும் ஆசிரியர், வலியோர் எளியோரை இழிவுபடுத்தலாம் என்னும் பாடத்தையே கற்பிக்கிறார். அங்கு நிலவுவது அச்சத்தின் அமைதி. கொடுமையோ அவர் பார்வை எட்டாத இடைவேளைக்கு ஒதுங்குகிறது.

1983இல் தொடங்கி, பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஓல்வேயஸ் ஆய்வு மேற்கொண்டார். தெளிவான வகுப்பு விதிகள், முறையான வகுப்புக் கூட்டங்கள், இடைவேளை மேற்பார்வை, மாணவருடனும் பெற்றோருடனும் உரையாடல் ஆகியவை கையாளப்பட்டன. இரண்டாண்டுகளில் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

கண்டிப்பும் கனிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வகுப்பு அமைதியாயிருக்கிறதா என்பதோடு நில்லாமல், அங்குள்ள மிக எளிய மாணவர் அச்சமின்றி அமர்ந்திருக்கிறாரா என்று ஒவ்வோர் ஆசிரியரும் தம்மையே கேட்டுக்கொள்வாராக.