ராணி ஏன் சாப்பிடவில்லை?

சர்க்கரை வியாதி வந்த நாய்க்குச் சாப்பாடு போடுவது எப்படி?

மனிதர்களுக்குச் சர்க்கரை வியாதி வருகிறது. இது எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் அந்த வியாதி வருமா?

வரும்! நம்மைப் போலவே நாய்க்கும் ஊசி போட வேண்டும். பத்தியம் வைக்க வேண்டும்.

ஊசியை நாய் பொறுத்துக்கொள்ளும். பத்தியத்தை? அங்கேதான் தொல்லை!

சென்னையில் ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

தண்ணீர், தண்ணீர்!

அந்த வீட்டில் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பையன், பாட்டி ஆக நான்கு பேர். ஐந்தாவது ஆள், ராணி. வெள்ளை வெளேர் என்ற பொமரேனியன் நாய். வயது 9.

தயிர்ச் சோறு என்றால் ராணிக்கு உயிர். பாட்டி காப்பி குடிக்கும்போது அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் புடவையைப் பிடித்து இழுக்கும்.

ஒரு மாதமாக ராணி தண்ணீராகக் குடித்தது. கிண்ணத்தை நிரப்பி வைத்தால் சிறிது நேரத்தில் காலி! இரவில் பல முறை வெளியே போயிற்று. வீட்டுக்கு உள்ளேயும் நனைத்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டது. ஆனால் இளைத்துக்கொண்டே வந்தது.

கால்நடை டாக்டரிடம் கொண்டு போனார்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார். "சர்க்கரை வியாதி" என்று சொல்லிவிட்டார்.

பூட்டிய களஞ்சியம்

வயிற்றுக்குள், இரைப்பையை ஒட்டிக் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்ற பொருளைச் சுரக்கிறது. நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த வேண்டுமானால் இன்சுலின் வேண்டும்.

களஞ்சியம் நிறைய நெல் இருக்கிறது. ஆனால் சாவி தொலைந்துவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் பட்டினி! சர்க்கரை வியாதியும் இப்படித்தான். ரத்தம் நிறையச் சர்க்கரை. உடம்போ பட்டினி.

நல்ல நிலையில் உள்ள நாயின் ரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 80 முதல் 120 மில்லி கிராம் வரை சர்க்கரை இருக்கும். அது ஏறி 200ஐ ஒட்டி வந்துவிட்டால், சிறுநீரில் இறங்கத் தொடங்கும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடங்காத தாகத்துக்கு அதுதான் காரணம்.

நடு வயதைத் தாண்டிய நாய்களுக்கே இந்த வியாதி அதிகம். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். வியாதி வந்த பல நாய்களுக்குக் கண்ணில் புரை விழுந்துவிடும்.

மனிதர்களில் பலர் மாத்திரையால் சமாளிக்கிறார்கள். நாய்க்கு அந்த மாத்திரைகள் உதவுவதில்லை. ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசிதான். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாள்தோறும் 2 ஊசி.

நாய் தந்த மருந்து

இந்த இன்சுலினை மனிதன் கண்டுபிடிக்க உதவியவை எவை தெரியுமா? நாய்கள்தான்!

1889ஆம் ஆண்டு, ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் மிங்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. வியாதிக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் வெளியாயிற்று.

1921ஆம் ஆண்டு, கனடாவில் உள்ள டொரண்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து சாறு எடுத்து, நாய்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய், கணையம் இல்லாமலே சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது!

1922 ஜனவரியில், சாகும் நிலையில் இருந்த லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அவன் பிழைத்தான். அடுத்த ஆண்டே பான்டிங்குக்கும், ஆராய்ச்சிக்கூடத் தலைவர் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு உபகாரம் செய்த நாய்க்கே அந்த வியாதி வந்தால், நாம் கைவிடலாமா?

பாட்டியின் ரகசியம்

ராணியின் கதைக்கு வருவோம்.

டாக்டர் ஊசி மருந்து கொடுத்தார். பத்திய உணவு ஒரு பை எழுதிக் கொடுத்தார். அதில் நார்ச்சத்து அதிகம், கொழுப்பு குறைவு. சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும்.

2 நாள் ராணி சாப்பிட்டது. மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பாட்டிக்கு மனம் கேட்கவில்லை. "வாயில்லாச் ஜீவன். பட்டினி போடலாமா?" என்று புலம்பினாள். எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு கிண்ணம் தயிர்ச் சோறு பிசைந்து வைத்தாள். இப்படியே தினமும் நடந்தது. யாருக்கும் தெரியாது. ராணியா காட்டிக் கொடுக்கப் போகிறது?

அடுத்த சோதனையிலும் சர்க்கரை குறையவில்லை. டாக்டர் ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார்.

அந்தச் சமயத்தில் பாட்டி ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனாள். அன்று இரவு தயிர்ச் சோறு இல்லை. மறுநாள் காலையிலும் ராணி தட்டைத் தொடவில்லை. "பிறகு சாப்பிடும்" என்று எண்ணி, அம்மா வழக்கம்போல் ஊசியைப் போட்டுவிட்டாள்.

பகல் 11 மணி. ராணி தள்ளாடியது. பின்னங்கால் மடிந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

டாக்டருக்குப் போன் செய்தார்கள். "வீட்டில் தேன் இருக்கிறதா? கொஞ்சம் எடுத்து ஈறில் தடவுங்கள். உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பையன் வீட்டில் இருந்தான். அழுதுகொண்டே, விரலில் தேனைத் தொட்டுத் தொட்டு ராணியின் ஈறில் தடவினான். காரில் போகும்போதே ராணி தலையைத் தூக்கிப் பார்த்தது. பிழைத்துக்கொண்டது!

ஆபத்து எப்படி வந்தது?

தயிர்ச் சோற்றினால் சர்க்கரை ஏறியது. அதைக் குறைக்க ஊசி மருந்து ஏறியது. திடீரென்று தயிர்ச் சோறு நின்றது. ஆனால் ஊசி நிற்கவில்லை. ரத்தத்தில் இருந்த சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது. சர்க்கரை ஏறினால் உடம்பு மெல்லக் கெடும். இறங்கினால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம்!

ஊரிலிருந்து வந்த பாட்டி உண்மையைச் சொல்லி அழுதாள். டாக்டர் கோபிக்கவில்லை.

"பாட்டி, நீங்கள் சோறு போட்டதைவிட, சொல்லாமல் போட்டதுதான் ஆபத்து. எவ்வளவு நல்ல உணவாக இருந்தாலும் தட்டிலேயே கிடந்தால் என்ன பயன்? ராணி விரும்பிச் சாப்பிடும் உணவாகப் பார்ப்போம். ஆனால் தினமும் அதே உணவு, அதே அளவு, அதே நேரம். அவ்வளவுதான்" என்றார்.

மறுத்தால் என்ன செய்வது?

பத்திய உணவை நாய் மறுத்தால், முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும். பல் வலியாக இருக்கலாம். கணையத்தில் வீக்கமாக இருக்கலாம். ஊசி போடும் நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள்.

வேறு நோய் இல்லை என்றால், பழைய உணவோடு புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். எவ்வளவு கலப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் தெளித்து வெதுவெதுப்பாகக் கொடுத்தால் மணம் எழும். கோழி வேகவைத்த நீரையும் தெளிக்கலாம். அதில் உப்பு, வெங்காயம், பூண்டு இருக்கக் கூடாது.

அப்படியும் மறுக்கிறதா? வீட்டுச் சாப்பாடே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி, பீன்ஸ், பூசணி, அளவான தானியம் என்று அவர் கணக்கிட்டுக் கொடுப்பார். சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் முதலியவற்றையும் சேர்க்கச் சொல்வார். நாமாகக் கணக்குப் போடக் கூடாது.

முதலில் சாப்பாடு. பிறகு ஊசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாதி சாப்பிட்டால் ஊசி எவ்வளவு? ஒன்றுமே சாப்பிடாவிட்டால் என்ன செய்வது? முதல் நாளே டாக்டரிடம் கேட்டு, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நாய் தள்ளாடினால் தேன் அல்லது சர்க்கரைப் பாகை ஈறில் தடவுங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும்.

இவை வேண்டாம்!

வெல்லம், கேக், பிஸ்கட், சாக்லெட், உலர்ந்த திராட்சை ஆகியவை வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பும் ஆகாது. குடலைக் கிழித்துவிடும்.

இன்னொன்று முக்கியம். "சர்க்கரை சேர்க்காதது" என்று விற்கும் சில மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. மனிதனுக்கு அது விஷமல்ல. நாய்க்கோ விஷம்! நல்ல நாயின் உயிரையும் அது குடித்துவிடும்.

பாட்டிக்குப் புது வேலை

இப்போது அந்த வீட்டில் ராணிக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு முழுவதும் பாட்டியுடையது! டாக்டரே அப்படி ஏற்பாடு செய்துவிட்டார்.

காலை 7 மணி, மாலை 7 மணி. பாட்டி அளந்து வைக்கிறாள். ராணி சாப்பிட்டதும் அம்மா ஊசி போடுகிறாள். எவ்வளவு சாப்பிட்டது என்பதைப் பையன் நோட்டில் எழுதுகிறான்.

காப்பி வேளையில் ராணி இன்னும் புடவையைப் பிடித்து இழுக்கத்தான் செய்கிறது. பிஸ்கட் கிடையாது. டாக்டர் அனுமதித்த வெந்த பீன்ஸ் ஒரு துண்டு கொடுக்கிறாள் பாட்டி. ராணி முகர்ந்து பார்க்கும். பாட்டியின் முகத்தைப் பார்க்கும். பிறகு தின்றுவிடும்.

"டேய், இதையும் நோட்டில் எழுதிக்கொள்!" என்று பேரனைக் கூப்பிடுகிறாள் பாட்டி.