வெடிப்பைத் தாங்கும், வீழ்ச்சியைத் தாங்காது

அமெரிக்க வேட்டைக்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் ‘.30-06’ ரகத் தோட்டா வெடிக்கும்போது, துப்பாக்கிக் குழலுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை எகிறும். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. இதை ஆயிரம் தடவை தாங்கிய துப்பாக்கியைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். வழியில் ஏதோ ஒரு கிடங்கில், மேசை உயரத்திலிருந்து பெட்டி நழுவி விழுகிறது. திறந்து பார்த்தால் கட்டை பிளந்திருக்கிறது. பழந்துப்பாக்கி சேகரிப்பவர்களும் ஏலக்காரர்களும் அவர்களுக்குக் காப்பீடு தருபவர்களும் நன்றாக அறிந்த சங்கதி இது.

வெடிப்பின் விசை எந்தத் திசையில் வரும் என்பது துப்பாக்கி செய்தவருக்கு முன்பே தெரியும். உருளையான குழல் அழுத்தத்தைச் சுற்றுவட்டம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். பின்னுதைப்பு நேர்க்கோட்டில் கட்டை வழியாகத் தோளுக்குப் போகும். அதே கோட்டில் மரத்தின் நார்களும் ஓடும்படி பார்த்துத்தான் நல்ல கைவினைஞர் மரத்தைப் பொறுக்குவார். உயர்ந்த ரகத் துப்பாக்கிகளின் கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். நாருக்குக் குறுக்கே வளைத்து முறிக்க வேண்டுமானால் கறுப்பு வால்நட் சுமார் 100 மெகாபாஸ்கல் வரை தாங்கும். நார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும்படி இழுத்தாலோ 5 மெகாபாஸ்கலிலேயே விட்டுவிடும். விறகு பிளந்தவர்களுக்கு இது புதிதல்ல. நார் வாக்கில் இறங்கிய கோடாரிக்கு ஒரு போடு போதும், குறுக்கே வெட்டினால் கை ஓய்ந்துவிடும்.

கை பற்றுவதற்கு வாகாகக் கட்டை ஒடுங்கும் இடம் ஒன்று உண்டு. துப்பாக்கிக்காரர்கள் அதை மணிக்கட்டு என்பார்கள். ஒடுக்கமான அந்த இடத்திலேயே இயந்திரத்தின் வால்பகுதியும் சுடும் விசைப்பொறியும் உட்கார மரத்தைக் குடைந்தும் எடுத்திருப்பார்கள். அதற்கு முன்னால் கனத்த எஃகு, பின்னால் அகன்ற மரம். பெட்டி பக்கவாட்டில் விழும்போது பின்முனை நின்றுவிடும், முன்பாதி நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்வது மணிக்கட்டு. கட்டையின் வளைவால் நார்கள் சாய்வாக வெட்டுப்பட்டு முடிவதும் அங்கேதான். விரிசல் அந்தச் சாய்விலேயே ஓடும்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான், ஒரு சைக்கிளின் வேகம். கேடு செய்வது வேகமல்ல, அது எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான். விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு உலுக்கல் என்று தோராயமாகக் கிடைத்துவிடும். அட்டைப் பெட்டியும் இரண்டு சுற்று பபிள் ரேப்பும் நசுங்கி 5 மில்லிமீட்டர் மட்டும் இடம் கொடுத்தால் 200 மடங்கு. மூன்றரைக் கிலோ துப்பாக்கி அந்தக் கணத்தில் 700 கிலோவாக நடந்துகொள்ளும். சரியான நுரைப்பஞ்சு 5 சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் 20 மடங்கு, 70 கிலோ. ‘சரியான’ என்ற சொல்லில்தான் வேலை இருக்கிறது. பஞ்சு மிக மென்மையாக இருந்தால் துப்பாக்கி அதைத் தாண்டிப் பெட்டியின் சுவரில் இடிக்கும். மிக விறைப்பாக இருந்தால் பஞ்சு இருந்தும் இல்லாததுபோல்தான். குழலின் கனம் மணிக்கட்டை இழுக்காதிருக்க, கழற்ற முடிந்த துப்பாக்கிகளைக் கழற்றி, குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் பொதிவார்கள். குழலின் வாய் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே தலைநீட்டும் விபத்து அடிக்கடி நேர்வதால், அந்த முனையில் மட்டும் தனியாக முட்டுக்கொடுப்பதும் உண்டு.

‘உள்ளே துப்பாக்கி இருக்கிறது, பார்த்துத் தூக்குங்கள்’ என்று வெளியே எழுதிவிட்டால் என்ன? திருடனுக்கு அழைப்பிதழ் வைத்ததுபோலாகும். துப்பாக்கிப் பொதியின் மேல் அப்படி லேபிள் ஒட்டச் சொல்லி எந்தச் சரக்கு நிறுவனமும் வற்புறுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. ஆகவே பல லட்சம் டாலர் பெறுமானமுள்ள பெட்டியும் நாலு ஜோடி செருப்பு வைத்த பெட்டியும் ஒரே கன்வேயர் பட்டையில்தான் உருண்டுபோகும்.

விரிசலாவது கண்ணுக்குத் தெரியும். மேற்பரப்புக்கு நேரும் கேடு சத்தமில்லாதது. பழைய குழல்களின் ஆழ்ந்த கருநீலம் வண்ணப்பூச்சு அல்ல, துருதான். எஃகின் மேல் அமிலக் கரைசலைத் தடவி வேண்டுமென்றே செந்துரு பிடிக்கவிட்டு, கொதிநீரில் போட்டால் அந்தச் செந்துரு மாக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறும். உதிர்வதைத் துலக்கிவிட்டு மறுபடியும் துருப்பிடிக்க விடுவார்கள். இப்படிப் பல சுற்று. கடைசியில் எஃகோடு ஒட்டி நிற்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு படலம். துருவைக் கொண்டே துருவைத் தடுத்த இந்த வித்தை எனக்கு ரிவால்வரின் இயந்திரத்தைவிடவும் சாமர்த்தியமாகப் படுகிறது.

அந்தப் படலத்துக்கு ஆகாதது உப்பும் ஈரமும். விமானத்தின் சரக்கறையில் குளிர்ந்த எஃகை 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் இறக்கி உடனே திறந்தால், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எல்லாப் பரப்பிலும் பனி வியர்க்கும். வந்த பெட்டியை ஒரு நாள் திறக்காமல் வைக்கச் சொல்வது இதனால்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் காஸ்மோலின் என்ற பெட்ரோலிய மசகை அப்பித் துப்பாக்கிகளை அனுப்பியது. சேகரிப்புப் பொருளுக்கு அந்த அப்பல் ஒத்துவராது. தானாக மெல்ல ஆவியாகி எஃகின் மேல் படியும் வேதிப்பொருள் ஊறிய தாளில் சுற்றுகிறார்கள். அழகான தோல் உறைகளை நம்ப முடியாது. ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தையும் அவை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

காப்பீட்டில் முதல் சிக்கல், எவ்வளவுக்கு என்பதுதான். 1881இல் பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்ட ஷெரீஃப் பாட் காரெட்டின் கோல்ட் (Colt) ரிவால்வர் 2021இல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதற்கு மாற்றுப் பொருள் எந்தக் கடையிலும் கிடையாது. அதனால் மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்து பாலிசியில் எழுதிவிடுகிறார்கள். சரக்கு நிறுவனத்தின் ரசீதில் எழுதும் மதிப்பை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அது காப்பீடு அல்ல, அந்த நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு மட்டும்தான்.

அடுத்தது விலக்குகள். பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும், அதன் அடியொற்றிய இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும், பொருளின் சொந்த இயல்பால் விளையும் கேட்டுக்கு, வேறு ஏற்பாடு இல்லாதவரை, காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்கின்றன. பல பாலிசிகளில் துருவும் விலக்குப் பட்டியலில் இருக்கும். சரக்குக் காப்பீட்டில் உலகெங்கும் புழங்கும் நிபந்தனைகளோ, பொதிதல் போதாமல் நேர்ந்த இழப்பையும் தள்ளிவிடுகின்றன. மேலே போட்ட 5 மில்லிமீட்டர் கணக்கு இழப்பீட்டுக் கோரிக்கையில் வந்து நிற்பது இப்படித்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் உலுக்கினால் சிவக்கும் ஸ்டிக்கர்கள் உண்டு. அடி விழுந்ததா என்பதை அவை சொல்லும், அதைத் தாங்கும்படி பொதிந்திருந்தார்களா என்பதைச் சொல்லாது.

பிளந்த மணிக்கட்டை எபாக்சியும் உலோக ஆணியும் வைத்து உறுதியாகவே இணைக்கலாம். துப்பாக்கி முன்போலச் சுடும், விலை மட்டும் திரும்பாது. தேய்ந்த கருநீலத்தைப் புதிதாகப் போட்டுக்கொடுத்தால் இன்னும் மோசம், சேகரிப்பாளர் கண்ணில் அது இரண்டாவது சேதம். ஆகவே நல்ல பாலிசிகள் பழுதுபார்த்த செலவோடு, பழுதால் குறைந்த மதிப்பையும் ஈடுகட்டுகின்றன.

இதில் விசித்திரமானது ஜோடிகளுக்கான பிரிவு. லண்டன் கைவினைஞர்கள் இரட்டைக்குழல் துப்பாக்கிகளை 1, 2 என்று எண்ணிட்டு ஜோடியாகச் செய்தார்கள். ஒன்றைச் சுடும்போது உதவியாள் மற்றதில் தோட்டா போட்டுத் தருவான். பயணத்தில் 2ஆம் எண் தொலைந்தால் 1ஆம் எண்ணின் விலையும் சரிந்துவிடும். முழு ஜோடியின் மதிப்பையும் தரச் சம்மதிக்கும் பாலிசிகள் உண்டு. அப்போது ஒரு கீறல்கூட விழாத 1ஆம் எண் துப்பாக்கியை உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.