விலை கூடிய ஒயில் எல்லாம் முச்சக்கர வண்டிக்கு நல்ல ஒயிலா?

லிந்துலையில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்கள் விஞ்ஞான ஆசிரியரான என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சேர், காருக்குப் போடும் சிந்தெட்டிக் ஒயிலைப் போட்டால் என்ஜின் கூட நாள் உழைக்காதா?" நியாயமான கேள்விதான். பதில் ஒயிலின் மூலக்கூறுகளில் இருக்கிறது.

மசகெண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஒயிலில் பல அளவு, பல வடிவ மூலக்கூறுகள் கலந்திருக்கும். குளிரில் சில மெழுகாகத் தடிக்கும். சூட்டில் சில ஆவியாகும். சிந்தெட்டிக் ஒயிலின் மூலக்கூறுகள் இரசாயன முறையில் ஏறக்குறைய ஒரே மாதிரியாகக் கட்டப்பட்டவை. அதனால் அது நமது காலைக் குளிரிலும் சீக்கிரம் ஓடும். சூடேறினாலும் உலோகங்களுக்கு இடையில் படலமாக நிற்கும்.

ஒயிலில் வேறு இரசாயனங்களும் சேர்க்கப்படுகின்றன. நாகமும் பொசுபரசும் அடங்கிய ஒன்று, உரசும் இடத்தில் மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் பாதுகாப்புப் படை ஒன்றை உண்டாக்கும். தேய்வது அந்தப் படைதான்; இரும்பு தப்பிக்கும். மொலிப்டினம் சேர்ந்த இன்னொன்று, சீட்டுக்கட்டுப் போல ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் மெல்லிய தகடுகளை உண்டாக்கி உராய்வைக் குறைக்கும். கார் என்ஜினுக்கு இது எரிபொருள் மிச்சம்.

சிக்கல் இங்கேதான். வழமையான காரில் கிளச் என்ஜின் ஒயிலில் படாது. நம் ஊரில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளில் கிளச் தட்டுகள் அதே ஒயிலில்தான் நனைந்து கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடிக்க உராய்வு தேவை. உராய்வை அளவுக்கு மீறிக் குறைத்தால் கிளச் வழுக்கும். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு 600 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். ஆட்களோடு ஏறும்போது என்ஜின் இரையும், வண்டி நகராது, தட்டுகள் கருகும். இறக்கத்தில் கியரால் வேகத்தை அடக்குவதும் கிளச்சின் பிடியில்தான் தங்கியிருக்கிறது.

ஆகவே விலையைப் பார்க்காதீர்கள். போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானியத் தரமான 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்றிருந்தால் நனைந்த கிளச்சுக்கு ஏற்றது. 'எம்பி' என்றிருந்தால் வேண்டாம். எம்ஏ தரத்திலும் சிந்தெட்டிக் ஒயில்கள் கிடைக்கின்றன. தடிப்பு எண்ணை வண்டிக் கைநூல் சொல்லும்.

குடும்பத்தின் சாப்பாடு அந்த மூன்று சக்கரத்தில் ஓடுகிறது. ஒயில் வாங்கும்போது ஒரு நிமிடம் நின்று வாசித்தால் ஒரு கிளச் செற்றின் செலவு மிஞ்சும்.