சாசனம் படிக்க ஒரு விண்ணப்பம்

வவுனியா மாவட்டத்திலுள்ள பெரிய புளியங்குளத்துப் பாறைக் குகைகளிலே பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட சாசனங்கள் உள்ளன. அவற்றின் மொழி பிராகிருதம். ஆயினும் அவற்றுள் இரண்டு கூறும் செய்தி நமக்கு மிக நெருங்கியது. விசாகன் என்னும் தமிழ் வணிகன், குடும்பத் தலைவன், அவ்விடத்திலே வழங்கிய கொடையை அவை குறிக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையவை என அறிஞர் கருதும் இவ்வரிகளைக் கலாநிதி பரணவிதான 1970இல் வெளியிட்ட சாசனத் தொகுதியிலே காணலாம். ஆனால் நூலிற் காண்பது வேறு. கல்லிலிருந்தே வாசிப்பது வேறு. பின்னையதைச் செய்ய வல்லவர்கள் இந்நாடு முழுவதிலும் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவராக வேண்டும் என்னும் ஆசை முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ பிறந்த ஒரு மாணவிக்கு எழுகின்றது என்று வைத்துக்கொள்வோம். வரலாற்றிலே சிறப்புப் பட்டம் பெற்றுவிட்டாள். அடுத்து முதுமாணி, அதன்பின் கலாநிதிப் பட்டம். எங்கே விண்ணப்பிப்பது? யாரிடம் கேட்பது? விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன்பே அவள் மனத்தை நிரப்பிவிடும் அச்சங்கள் பல. அவற்றுட் சில வீண் அச்சங்கள், சில மெய்யானவை.

முதலாவது அச்சம் வீட்டிலேயே பிறக்கின்றது. "பிள்ளை, உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?" என்று தாய் கேட்பாள். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் இக்கேள்விக்கு இடமில்லை. சாசனவியல் என்றாலோ அயலவரும் கேட்பர். தாயின் கேள்வியைப் பழைமைவாதம் என்று தள்ளிவிடுதல் நீதியன்று. 2009இல் முடிந்த போரிலே வீடும் வயலும் இழந்து, மீண்டும் ஒவ்வொரு கல்லாக அடுக்கிய குடும்பம் அது. ஒரு பிள்ளையின் உழைப்பு இன்னும் நாலைந்து ஆண்டுகள் தள்ளிப்போகும் என்பது அங்கே சிறு செய்தியன்று. மேலும் அத்துறையிற் பதவிகள் குறைவு என்பது உண்மை. பல்கலைக்கழகம், தொல்பொருட் திணைக்களம், அருங்காட்சியகம் ஆகியவற்றிற்கு அப்பால் வழி அதிகமில்லை. இதனை மறைத்து மாணவரை ஊக்குவிப்போர் அவர்களுக்கு நன்மை செய்பவரல்லர்.

இரண்டாவது அச்சம் ஒதுக்கீடு பற்றியது. இலங்கையிலே பட்டப்படிப்பு அனுமதியில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் நாடளாவிய திறமையின்படியும், ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையிலும், ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலைச் சேர்ந்தவை. பட்டப்பின் படிப்புக்கோ அத்தகைய மாவட்டப் பங்கீடு கிடையாது. வெட்டுப்புள்ளி என்னும் கொடிய தெளிவும் அங்கே இல்லை. உயர்தரப் பரீட்சையிலே இத்தனை புள்ளி எடுத்தால் இந்த இடம் என்று கணக்கிட்டுப் பழகிய மாணவிக்கு, சிலர் கூடியிருந்து ஒரு கடதாசிக் கட்டைப் படித்துத் தீர்மானிக்கும் முறை இருட்டறையாகவே தோன்றும். 'மாவட்ட அடிப்படையில் வந்தவள்தானே' என்னும் பழைய சொல் அவள் காதில் மீண்டும் ஒலிக்கும். அச்சொல்லுக்கு இங்கே பொருளே இல்லை. அவள் கையிலிருப்பது ஒரு பல்கலைக்கழகம் பரீட்சித்து வழங்கிய பட்டம்.

இடத்தைத் தேடுவதும் எளிதன்று. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக வளர்ந்து, 2021 ஆகத்தில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் ஆகிய பீடங்களோடு எழுந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் உள்ளன. ஆகவே குளத்தையும் நெல்லையும் ஆராய விரும்புபவர் வன்னியிலேயே தொடங்கலாம். குளக்கட்டிலே கிடக்கும் கல்வெட்டை ஆராய விரும்புபவர் வன்னியை விட்டுப் போகவேண்டும். யாழ்ப்பாணம் உண்டு. கொழும்பிலே, களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1986இல் நிறுவப்பட்ட தொல்லியற் பட்டப்பின் படிப்பு நிறுவகம் உண்டு. கடல் கடந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலே கல்வெட்டியலுக்கெனத் துறை உண்டு. அதற்கப்பால் ஐரோப்பாவிலே ஓரிரு பேராசிரியர்கள்.

ஓரிருவர் என்பதே அருகிய துறையின் தனிச் சங்கடம். பெரிய துறைகளில் மாணவர் பல்கலைக்கழகத்தைத் தேடுவர். இங்கே ஓர் ஆளைத் தேடுகின்றனர். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ, வேறிடம் சென்றாலோ, கதவே அடைபட்டதாகிவிடும். எனவே படிவத்துக்கு முன் கடிதம் முந்தவேண்டும். கடிதத்திலே என்ன எழுதுவது? புகழுரை வேண்டியதில்லை. அவருடைய கட்டுரை ஒன்றைத் தான் படித்தமை, அதிலெழும் ஒரு கேள்வி, தான் நேரில் பார்த்த ஒரு கல், தனக்குத் தெரிந்த மொழிகள், அடுத்த ஆண்டு மாணவரை ஏற்பாரா என்னும் வினா, இவை போதும். ஒரு பக்கத்தைத் தாண்டாதிருத்தல் நலம். மறுமொழி வராவிடின் அது மறுப்பென்று கொள்ளற்க. மூன்று கிழமை பொறுத்து மீண்டும் எழுதுதல் மரியாதைக் குறைவாகாது.

மொழிகள் என்றோம். உண்மையான தடை அங்கேதான் இருக்கின்றது. தமிழிற் படித்து வந்த மாணவிக்கு ஆங்கிலப் பரீட்சையே மலையாகத் தோன்றும். இத்துறைக்கோ பிராகிருதமும் சமற்கிருதமும் பழைய சிங்களமும் வேண்டும். இவை யாவும் தெரிந்த பின்னரே விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்போர் ஒருபோதும் விண்ணப்பியார். ஒன்றிலே உறுதியும் மற்றொன்றிலே தொடக்கமும் காட்டினால், கற்கும் ஆற்றலுக்கு அதுவே சாட்சி. பரணவிதானவும் ஊரிலிருந்தே யாவற்றையும் கற்றவரல்லர். இந்திய அரசின் சாசனவியல் அலுவலகம் இயங்கிய உதகமண்டலத்துக்கு 1920களிலே சென்று பயிற்சி பெற்றவர்.

ஆய்வு முன்மொழிவு எழுதும்போது மற்றொரு திகில் பிடிக்கின்றது. இன்று எழுதும் இரண்டு பக்கம் வாழ்நாள் முழுவதும் கட்டிப்போடுமோ என்பது அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வேடு, இலங்கையின் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் பற்றியது. நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல் வெளியிட்ட நூலிலே, புதிய சான்றுகளின் ஒளியில் வேறு முடிவுகளை அவரே முன்வைத்தார். பேரறிஞரின் ஆய்வேடே அவ்வாறாயின், விண்ணப்பத்தின் முன்மொழிவு எம்மாத்திரம்? தேர்வாளர் அதிலே தேடுவது கேள்வி கேட்கும் முறையை.

இனிச் சான்றிதழ்கள். இடம்பெயர்ந்த காலத்திலே பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் இழந்த குடும்பங்கள் வன்னியில் எண்ணற்றவை. பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றின் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருப்பின் அதனைத் திருத்த நாளெடுக்கும். இதனை முதலில் முடித்துவிட்டு முன்மொழிவுக்குச் செல்வோர் புத்திசாலிகள். சிபாரிசுக் கடிதத்துக்கும் ஆசிரியருக்கு ஒரு மாதத் தவணையாவது கொடுக்கவேண்டும். பெயர் பெற்ற, ஆனால் தன்னை அறியாத பேராசிரியரின் நாலு வரியைவிட, தன் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திய இளம் விரிவுரையாளரின் இரண்டு பக்கம் பெறுமதி மிக்கது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்போர்க்கு வன்னியின் அண்மைக்காலமே விடை சொல்லும். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை ஆகிய இடங்கள் பற்றிய பிணக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. அங்கெல்லாம் உணர்ச்சியோடு பேசுவோர் பலர். கல்லைப் படித்து, இன்னது எழுதியிருக்கின்றது, இன்னது எழுதியிருக்கவில்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சான்றோடு சொல்லக்கூடிய அவ்வூர்ப் பிள்ளைகள் மிகச் சிலர். அப்படிச் சொல்பவர் தம் ஊரார் விரும்பாததையும் ஒருநாள் சொல்லவேண்டி வரலாம். அதற்கும் துணிந்தே இத்துறைக்குட் புகவேண்டும்.

விண்ணப்பம் போனபின் மாதங்கள் பல கழியும். ஒரு வாசலை மட்டும் நம்பாது, உள்நாட்டில் ஒன்றுக்கும் அயல்நாட்டில் இரண்டொன்றுக்கும் எழுதியவர்களுக்கு அக்காலம் சற்றே இலகுவாகக் கழியும். பணமில்லாத அனுமதியும் வருவதுண்டு. புலமைப்பரிசில் உறுதியாகாமல் கடன்பட்டுப் புறப்படுவதிலும், அனுமதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டெழுதுவது மேல். இடைக்காலத்திலே பள்ளியில் தொண்டராசிரியராகக் கற்பித்துக்கொண்டு, மாலையில் அச்சிட்ட சாசனப் படங்களை மெல்லிய தாளிலே ஒற்றி, ஒவ்வோர் எழுத்தாக எழுதிப் பழகலாம். விசாகன் பெயரிலேயே தொடங்கலாம், மூன்றெழுத்துத்தான்.