இரவில் மறக்கப்படும் பற்கள்

காலையிற் பல் துலக்காது வெளியே செல்ல எவரும் துணியார். இரவிலோ, துலக்காமலே பலர் உறங்கிவிடுகின்றனர். இவ்வேறுபாடு எதனால்? காலையிற் பிறரோடு பேசவேண்டும். வாய்நாற்றம் நாணத்தைத் தரும். இரவிற் பார்ப்பார் இல்லை.

இம்மனவியல்பை அமெரிக்க விளம்பர எழுத்தாளர் குளோட் ஹொப்கின்ஸ் அறிந்திருந்தார். பெப்சொடென்ட் பற்பசையை விளம்பரஞ் செய்தபோது, நோயைக் காட்டி அச்சுறுத்தாது, பல்லின் அழகையே முன்வைத்ததாக 1927 இல் வெளிவந்த தமது நூலிற் கூறுகின்றார்.

ஆயினும், பற்களுக்குக் காவல் மிகவும் வேண்டுவது இரவிலேதான். பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், அவ்வமிலம் கழுவப்படாது பல்லை அரிக்கின்றது. புளோரைட்டு கலந்த பசையால் நாளுக்கு இருமுறை, அதிலொன்று உறங்குமுன், இரண்டு நிமிடம் துலக்குமாறு பல்வைத்தியர் கூறுவது இதனாலேயே.

அறிவுரை மட்டும் பழக்கத்தை ஆக்காது. அன்றாடச் செயலொன்றோடு அதனைப் பிணைத்தல் வேண்டும். பாய் விரிக்குமுன் தாய் தந்தையர் பிள்ளைகளுடன் சேர்ந்தே பல் துலக்கட்டும். பெற்றோர் செய்வதையே பிள்ளை செய்யும். இரவிற் பார்ப்பார் இல்லை என்ற குறையும் அவ்வீட்டில் நீங்கும்.