மலாக்காவில் மறைந்த மிஷனரி மனைவி: ரேச்சல் மில்ன் அம்மையார்

மலாயாவில் மெதடிஸ்ட் சபை வேரூன்றிய வரலாற்றைச் சொல்லுவோர் 1885ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டாம் பாதிரியார் தம் மனைவி மேரி அம்மையாருடன் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆண்டு அது. மலாக்கா நகரிலும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் தமிழ்ச் சபைகள் தோன்றியது அதற்குப் பின்னரே. ஆனால் ஓல்டாம் வருவதற்கு எழுபது ஆண்டுகள் முன்னதாகவே, இதே மலாக்காவில், பக்தியும் பொறுமையும் நிறைந்த ஒரு பாதிரியார் மனைவி குடும்பம் நடத்திப் பிள்ளைகளைப் பெற்று உயிரையும் விட்டிருக்கிறார். அவர் பெயர் ரேச்சல் மில்ன். மெதடிஸ்டு அல்லர், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். எனினும் பின்னால் வந்த மிஷனரி மனைவியர் எல்லாரும் நடந்த பாதையில் முதலில் நடந்தவர்களுள் ஒருவர் என்பதால், அவர் வாழ்க்கை நம் கவனத்துக்கு உரியது.

ரேச்சல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரைச் சேர்ந்தவர். தகப்பனார் குடும்பப் பெயர் கவி. நம் 'கவி'க்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! அதே சீமையில் இளமையில் ஆடு மேய்த்து, பிறகு கல்வி பெற்றுப் பாதிரியாரான வில்லியம் மில்னை 1812ஆம் ஆண்டு மணந்தார். மணமான சில வாரங்களுக்குள் இருவரும் கப்பலேறினார்கள். சீனாவில் தன்னந்தனியாக வேலை செய்துகொண்டிருந்த ராபர்ட் மாரிசன் பாதிரியாருக்குத் துணையாகச் செல்லவேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு.

1813 ஜூலை 4ஆம் நாள் மக்காவ் வந்து சேர்ந்தனர். போர்த்துக்கீசிய அதிகாரிகள் மில்னை அங்கே தங்க விடவில்லை. சில நாட்களில் வெளியேறும்படி உத்தரவு பிறந்தது. அவர் காண்டன் நகருக்குப் போனார். மனைவியை உடன் அழைத்துப் போக முடியவில்லை. ஏனெனில் அந்நிய வணிகர்கள் காண்டனில் தங்கலாம், அந்நியப் பெண்கள் அங்கே கால் வைக்கக் கூடாது என்பது அன்றைய சீன அரசின் சட்டம். ரேச்சல் மக்காவில் மாரிசன் குடும்பத்தாரின் ஆதரவில் இருந்தார். கணவர் 1814இல் ஜாவா முதலிய தீவுகளுக்குச் சீன மொழிப் புத்தகங்களுடன் பிரயாணம் செய்து திரும்பும் வரை பல மாதங்கள் இந்தப் பிரிவு நீடித்தது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானித்துப் பார்க்க வேண்டும். மிஷனின் தலைமையிடமாக மலாக்கா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஆசிரியர்கள் பல காரணங்கள் காட்டுவார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே கப்பல் போகும் வழி. சீனர் கணிசமாக வாழ்ந்த ஊர். சீன மொழியில் கிறிஸ்தவ நூல் அச்சிடுவோருக்கு மரண தண்டனை என்று 1812இல் பேரரசர் பிறப்பித்த ஆணை எட்டாத இடம். இவை எல்லாம் உண்மையே. ஆயினும், மனைவி மக்களோடு ஒரு மனிதன் குடியிருக்கக்கூடிய இடமாகவும் அது இருந்தது என்பதை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

1815 ஏப்ரலில் சீனாவிலிருந்து மலாக்காவுக்குப் புறப்பட்டபோது ரேச்சல் நிறைமாதக் கர்ப்பிணி. ஏற்கனவே ஒரு பெண் குழந்தை கையில் இருந்தது. நடுக்கடலிலேயே இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. மருத்துவச்சியா, தாய்வீடா, எதுவும் இல்லாத கப்பலில் நடந்த பிரசவம் அது. மே மாதம் மலாக்கா கரையில் இறங்கியபோது மில்னுக்கு வேலை காத்திருந்தது. ரேச்சலுக்கோ இரண்டு பச்சைக் குழந்தைகள், ஒரு சிறு பெண், முன்பின் தெரியாத ஊர்.

ஆகஸ்டு 5ஆம் தேதி மில்னின் சீன மாதப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. சீன மொழியில் வெளியான முதல் மாத சஞ்சிகை என்று அறிஞர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். மரக்கட்டைகளில் எழுத்துச் செதுக்கி அச்சிடக் காண்டனிலிருந்து வந்தவர்களுள் லியாங் பா என்பவர் 1816இல் மலாக்காவிலேயே ஞானஸ்நானம் பெற்றார். அவர் பின்னர் 1832இல் எழுதிய நூல், தைப்பிங் புரட்சித் தலைவரின் கையில் சிக்கிச் சீன தேசத்தையே ஆட்டி வைத்தது தனிக் கதை.

அந்த மிஷன் வட்டாரத்துக்கு அடிக்கடி வந்துபோனவர்களுள் முன்ஷி அப்துல்லாவும் ஒருவர். தமிழ் இரத்தக் கலப்புள்ள குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர். கணக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் இன்றியமையாதது என்று அந்நாளில் மலாக்காவின் நல்ல குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த வழக்கத்தையும், தாமும் அவ்வாறு கற்றதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். பாதிரிமார்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்து, மில்னிடம் ஆங்கிலம் கற்றார். இதனால் ஊரார் அவரைப் 'பாதிரி அப்துல்லா' என்று கேலி செய்தார்கள். மில்னின் சாந்த குணத்தை அவர் மனமாரப் புகழ்கிறார். அந்த அமைதியான வீட்டை அமைதியாக வைத்திருந்தவர் யார் என்று கேட்டால் விடை எளிது.

மலாக்கா வாழ்க்கையில் மேலும் இரண்டு குழந்தைகளைப் பெற்று, இரண்டையும் சிசுப் பருவத்திலேயே பறிகொடுத்தார் ரேச்சல். 1818 நவம்பர் 11ஆம் நாள் ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் மலாக்காவின் முன்னாள் ரெசிடெண்டு மேஜர் வில்லியம் பார்க்கர். மில்ன் தம்பதியரின் கடைசி மகனுக்கும் பார்க்கர் என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கடைக்குட்டி கைக்குழந்தையாய் இருந்தபோதே, அடிக்கல் நாட்டி நான்கு மாதங்கள் கழித்து, 1819 மார்ச் 20ஆம் தேதி ரேச்சல் மில்ன் காலமானார். வயது முப்பத்தைந்து. மணவாழ்வு ஏழாண்டுகூட நிறையவில்லை. அதற்குள் ஆறு பிள்ளைகள்.

மறு ஆண்டு மில்ன், சீன மிஷனின் முதல் பத்தாண்டு வரலாற்றை மலாக்காவிலேயே அச்சிட்டு வெளியிட்டார். மொழிபெயர்ப்புகள், பள்ளிக்கூடங்கள், அச்சுக்கூடச் செலவுகள் எல்லாம் அதில் விவரமாக உண்டு. சீன வேதாகம மொழிபெயர்ப்பில் உபாகமம் முதலிய பல பாகங்கள் அவருடையவை. பிரசவமும் குழந்தை வளர்ப்பும் மிஷன் கணக்கில் வரவு வைக்கப்படாத உழைப்பு. நம்மவருக்கு இது புதிதன்று. 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட பின் பெருகிய தோட்டங்களில், விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய்க்கொண்டே பிள்ளை பெற்ற நம் தாய்மார்களின் பெயர்களும் தோட்ட வரலாறுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. ரேச்சலுக்காவது கணவர் வழியாகப் பெயர் தங்கிற்று.

மனைவி போன பிறகு மில்ன் நான்கு குழந்தைகளோடு மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1820இல் கல்லூரி திறந்தது. 1822 ஜூன் 2ஆம் நாள் அவரும் மலாக்காவில் கண்மூடினார், வயது முப்பத்தேழு. கல்லூரி 1843இல் ஹாங்காங்குக்கு மாற்றப்பட்டது.

நடுக்கடலில் பிறந்த இரட்டையருள் ஒருவரான வில்லியம் சார்லஸ் மில்ன், தாய் இறந்தபோது நான்கு வயதுகூட நிரம்பாதவர். அவரும் பாதிரியாராகி 1839இல் சீனாவுக்குக் கப்பலேறினார். தாய் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்த அந்தத் தேசத்தின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதி, 1863இல் பீக்கிங் நகரில் காலமானார்.